கோடைக் கடைசியில் பெங்களூரில் ராத்திரி அந்துப்பூச்சி, காலையில் பறவை: முழுமையான வழிகாட்டி

அந்துப்பூச்சி (மாத்) பார்ப்பது, பறவை பார்ப்பது இரண்டையும் ஒரே நாளில் செய்ய நினைப்பவர்கள் வழக்கமாகக் காலையில் பறவை, ராத்திரி பூச்சி என்று திட்டம் போடுகிறார்கள். அதை அப்படியே திருப்பிப் போடுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் தொடங்கி ஞாயிறு காலை பத்து மணிக்குள் முடிகிற வேலை இது. இரவெல்லாம் எரிந்த வீட்டு விளக்குகளுக்கு வந்த அந்துப்பூச்சிகளில் ஒரு பகுதி விடியும்போதும் சுவரிலேயே உட்கார்ந்திருக்கும், அவற்றைத் தின்னப் பறவைகள் தாமாகவே உங்கள் வீட்டுப் பக்கம் வரும். அவை வரும் அந்த நேரத்தை விட்டுவிட்டு இருட்டோடு ஏரிக்கு ஓடுவதில் லாபம் இல்லை.

இங்கே சொல்வதெல்லாம் வெள்ளைத் துணி கட்டி, அதற்கு முன்னால் விளக்கு போட்டுப் பூச்சிகளை வரவழைத்து, பார்த்து, படமெடுத்து, விட்டுவிடுகிற முறை. கொன்று ஊசி குத்தி வைப்பது இதில் கிடையாது.

1. நாள் குறிப்பது

கத்திரி வெயில் முடிகிற மே கடைசி வாரத்திலிருந்து ஜூன் முதல் வாரம் வரை பெங்களூரில் நல்ல காலம். அதற்குள் நாலைந்து கோடை மழை பெய்து செடிகள் துளிர்த்திருக்கும், அந்தத் துளிரைத் தின்ற புழுக்கள் அந்துப்பூச்சியாகிக் கூட்டிலிருந்து வெளிவரத் தொடங்கியிருக்கும்.

காலண்டரில் அமாவாசையைப் பாருங்கள். அதற்கு முன்னும் பின்னும் ஐந்து நாள் வரை சரி. நிலா வெளிச்சம் கூடக் கூட விளக்குக்கு வரும் பூச்சி குறையும். அமாவாசைக்குச் சனிக்கிழமை ஒத்துவரவில்லை என்றால் பௌர்ணமி கழித்து நாலைந்து நாள் தள்ளி வைத்துக்கொள்ளலாம், நிலா எழவே கிட்டத்தட்ட பத்து மணி ஆகிவிடும், முன்னிரவு முழுக்க இருட்டு உங்களுக்குத்தான்.

நிலாவைவிட முக்கியம் அன்றைய வானிலை. மத்தியானம் மழை பெய்து, சாயங்காலம் விட்டு, காற்றே இல்லாமல் உடம்பு பிசுபிசுவென்று இருந்தால் அன்றைக்கு எதையும் தள்ளிப்போடாதீர்கள். காற்று வீசினால் ரத்து செய்துவிடுங்கள். மேகமில்லாத, குளிர்ந்த, காற்றடிக்கிற ராத்திரியில் விடிய விடிய விளக்கு எரித்தாலும் நாலு சின்னப் பூச்சிதான் வரும், அதைப் பார்த்துவிட்டு ‘எங்கள் ஏரியாவில் ஒன்றுமே இல்லை’ என்று முடிவு கட்டியவர்கள் நிறைய.

2. இடம்

ஐந்தாறு செடிகளாவது இருக்கிற தரைத்தளத் தோட்டம் மொட்டை மாடியைவிட மேல். மாடிதான் இருக்கிறது என்றால் முதல் மாடி, இரண்டாவது மாடி பரவாயில்லை. அதற்கு மேலே காற்றும் கூடும், பக்கத்து மரங்களின் தலையும் கீழே போய்விடும்.

துணி பச்சையைப் பார்த்து இருக்க வேண்டும், தெருவிளக்கைப் பார்த்து இருக்கக் கூடாது. புதிதாகச் செய்பவர்கள் பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறதோ அங்கே கட்டிவிடுகிறார்கள். பத்து மீட்டர் எக்ஸ்டென்ஷன் கம்பி வாங்கினால் இந்தப் பிரச்சினை தீர்ந்தது. இந்த மாதங்களில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருவதால் கட்டடத்தின் கிழக்குப் பக்கம் ஒதுக்கமாக இருக்கும்.

அபார்ட்மென்ட் என்றால் செக்ரட்டரியிடம் சொல்லிவிட்டு, வாட்ஸப் குழுவிலும் ஒரு வரி போடுங்கள், வாட்ச்மேன் அண்ணாவிடம் நேரில் சொல்லுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு ஊதா வெளிச்சத்துக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டி நிற்பவர்களைப் பார்த்தால் யாருக்கும் பூஜையா, பேயோட்டலா என்றுதான் தோன்றும். ‘ஏனு மாட்தா இதீரா?’ (என்ன செய்கிறீர்கள்?) என்று கேட்டு வருகிற பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் ஒரு டார்ச்சைக் கொடுத்துவிடுங்கள், அவர் கண்ணுக்கு உங்களைவிட அதிகம் படும்.

துரஹள்ளி, பன்னேருகட்டா போன்ற வனத்துறை இடங்களில் அனுமதி இல்லாமல் இரவில் நுழைவதோ விளக்கு போடுவதோ கூடாது. ஏரிக்கரைகளிலும் வேண்டாம். வீட்டிலேயே தொடங்குங்கள், ஊருக்குள் வரும் பூச்சியை அடையாளம் காணவே பல மாதம் போதாது.

3. முன்கூட்டியே சேர்க்க வேண்டியவை

துணி: பழைய எட்டு முழ வேட்டியைப் போல வேறெதுவும் இல்லை. பாலியஸ்டர் பெட்ஷீட் வழுக்கும், பூச்சியின் கால் பிடிக்காது. கோடி வேட்டியின் கஞ்சியும் வழுக்கும், இரண்டு முறை துவைத்துவிடுங்கள். இரட்டையாக மடித்தால் ஆறடி அகலத்துக்குக் கெட்டியான திரை கிடைக்கும். கரையை ஓரமாக விட்டுவிடலாம். இன்னொரு பழைய வெள்ளைத் துணி தரையில் விரிக்க வேண்டும், ஏனென்றால் பெரிய பூச்சிகள் பல துணியில் ஏறாமல் கீழேயே விழுந்து கிடக்கும், இருட்டில் மிதிபட்டுப் போகும்.

விளக்கு: இங்கேதான் காசு வீணாகிறது, உடம்புக்கும் கேடு வருகிறது. அந்துப்பூச்சியின் கண்ணுக்குப் புற ஊதா, நீல வெளிச்சம் நன்றாகத் தெரியும். வீட்டு எல்ஈடி பல்பில் புற ஊதா அநேகமாக இல்லை. உங்களுக்குத் தேவை 365 நானோமீட்டரை ஒட்டிய விளக்கு. பேக்கரியிலும் ஓட்டலிலும் ஈ பிடிக்கிற மெஷினுக்குள் நீலமாக எரிகிறதே, அந்த 15 வாட் ட்யூப் இதற்கு ஏற்றது, உதிரியாகவே விற்கிறார்கள். எஸ்.பி. ரோடு கடைகளில் கேட்டால் புற ஊதா எல்ஈடி பட்டையும் கிடைக்கும். பவர் பேங்கில் ஓடுகிற மாதிரி வாங்கினால் இடியோடு மழை வந்து கரண்ட் போனாலும் கவலையில்லை.

கிருமி கொல்லும் யுவி-சி (புற ஊதா-சி) ட்யூப்பை மட்டும் தப்பித்தவறிக் கூட வாங்காதீர்கள். தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினில் இருப்பது அதுதான். பார்க்க நிறமில்லாத கண்ணாடியாக இருக்கும், 254 நானோமீட்டர் என்று போட்டிருக்கும். அது கண்ணையும் தோலையும் எரித்துவிடும். கடைக்காரர் ‘ரெண்டும் யுவி தான் சார்’ என்பார். பெட்டியில் உள்ள எண்ணைப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.

பழைய 160 வாட் மெர்க்குரி பல்பு வைத்திருப்பவர்கள் அதையும் போடலாம், பூச்சி ஏராளமாக வரும். ஆனால் கொதிக்கிற கண்ணாடியில் ஒரு மழைத்துளி பட்டால் வெடித்துவிடும், வெளிக்கூடு உடைந்த பிறகும் சில சமயம் உள்ளே எரிந்துகொண்டிருக்கும், அந்த வெளிச்சம் ஆபத்து. கோடை மழைக் காலத்துக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து.

மற்றவை: மளிகைக்கடையில் முட்டை அடுக்கி வரும் அட்டை நாலைந்து, சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச், மில்லிமீட்டர் போட்ட சின்ன ஸ்கேல், பென்சில், மூடி உள்ள கண்ணாடி டப்பா, முழுக்கைச் சட்டை, தொப்பி, பஞ்சு. காலைக்கு 8x42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. லென்ஸ்), நோட்டு, தண்ணீர். பைனாகுலரையும் போன் சார்ஜரையும் ராத்திரியே வாசலில் எடுத்து வைத்துவிடுங்கள், விடியலில் தேட நேரம் இருக்காது.

4. துணி கட்டுவது

மே கடைசியில் சூரியன் மறைவது சுமார் 6.40-க்கு. ஆறு மணிக்கே கட்டத் தொடங்குங்கள், வெளிச்சம் இருக்கும்போதே முடிச்சு போட்டுவிட வேண்டும்.

கொடிக்கயிற்றைத் தலை உயரத்துக்குச் சற்று மேலே இறுக்கமாகக் கட்டி, வேட்டியை மடித்துப் போட்டு, கிளிப் மாட்டி, கீழ் விளிம்பில் இரண்டு செங்கல் வையுங்கள். துணி தொய்ந்தால் மடிப்புக்குள் பூச்சி சிக்கும், அசைந்தால் உட்கார்ந்தது எழுந்துவிடும். தரைத்துணியைச் செங்கலுக்கு முன்னாலேயே விரித்து, அதன் மேல் முட்டை அட்டைகளைக் குப்புற வையுங்கள். வெளிச்சத்தில் இருக்கப் பிடிக்காத பூச்சிகள் அந்தக் குழிகளுக்குள் போய் அடங்கும்.

விளக்கு துணிக்கு முன்னால், ஒரு அடி இடைவெளியில், மார்பு உயரத்தில். துணியில் ஒட்ட வைத்தால் ஒரே இடத்தில் குவியும். எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தரையில் போடாமல் ஒரு ஸ்டூலில் வைத்து மேலே பிளாஸ்டிக் கவர் போடுங்கள். இடி கேட்டால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், பேச்சே இல்லை.

5. முதல் ஒரு மணி நேரம்: ஈசல், வண்டு, காது

இருட்டத் தொடங்கும்போதே விளக்கைப் போடுங்கள், முழு இருட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். சில பூச்சிகள் அந்தி மங்கலில் மட்டும்தான் பறக்கும். முதல் இருபது நிமிடம் கொசுவும் இலைத்தத்தியும் தவிர ஒன்றும் வராது. அங்கேயே பலர் நம்பிக்கையிழந்து சாப்பிடப் போய்விடுகிறார்கள்.

அன்றைக்கு மழை பெய்திருந்தால் அடுத்து வருவது ஈசல். நூற்றுக்கணக்கில் வந்து துணியை மூடிவிடும், உங்கள் காலரிலும் நுழையும். பதறாதீர்கள், விளக்கை அரைமணி நேரம் அணைத்துவிடுங்கள். ஈசல் பறப்பது கொஞ்ச நேரம்தான். அணைத்த பிறகு தரைத்துணிக்குப் பக்கத்தில் குனிந்து சிவப்பு டார்ச்சில் பாருங்கள்: ஒவ்வொன்றும் நின்று, உடம்பை முறுக்கி, நாலு இறகையும் உதிர்த்துவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாக ஜோடி சேர்ந்து நடக்கத் தொடங்கும். பாட்டி வீட்டில் ஈசலை அரிசியோடு வறுத்துத் தின்றவர்களுக்கு இந்த இடத்தில் கவனம் சிதறலாம். தேரை ஒன்று எங்கிருந்தோ வந்து துணி ஓரத்தில் உட்கார்ந்திருக்கும், அதை விரட்ட வேண்டாம்.

காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விளக்குப் பக்கம் முகத்தை நீட்டி நிற்கும்போது சின்ன வண்டு காதுக்குள் போவது சாதாரணம், போய்விட்டால் குச்சி விட்டுக் குடையாமல் மருத்துவரிடம் போங்கள்.

ஆரஞ்சும் கருப்பும் மாறி மாறிப் பட்டை போட்ட, எறும்பு மாதிரி ஒல்லியான ஒரு வண்டும் வரும். அதைத் தோலில் வைத்து நசுக்கினால் அதன் உடம்பிலுள்ள நச்சு மறுநாள் தீக்காயம் போலக் கொப்புளம் கிளப்பும். ஊதித் தள்ளுங்கள், தப்பி நசுங்கினால் உடனே சோப்பு போட்டுக் கழுவுங்கள், கண்ணைத் தொடாதீர்கள்.

கொசுவுக்காகச் சுருள் கொளுத்துவது, பிளக்கில் மாட்டும் கொசு மருந்து, ஸ்ப்ரே எல்லாம் துணிப் பக்கம் வேண்டாம், அவை அந்துப்பூச்சியையும் கொல்லும். முழுக்கை, முழுக்கால் உடைதான் வழி. விளக்கை நேராகப் பார்க்காதீர்கள், சாதாரணக் கண்ணாடி போட்டிருந்தாலும் சரி.

6. பார்ப்பது, படமெடுப்பது

எட்டு மணியிலிருந்து பத்து வரை வரத்து அதிகம். மூன் மாத் மாதிரிப் பெரியவை பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகுதான், அதற்காக விழித்திருந்தால் காலைப் பறவை போச்சு. எது வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வந்த பூச்சி ஏன் விளக்கைச் சுற்றிச் சுற்றி வருகிறது என்று கூட வந்த குழந்தைகள் கண்டிப்பாகக் கேட்பார்கள். 2024-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, பெரும்பாலான பூச்சிகள் வெளிச்சம் இருக்கும் பக்கம் முதுகைத் திருப்பிப் பறக்கின்றன என்று அதிவேகக் கேமராவில் காட்டியது. வானம்தான் வெளிச்சமான பக்கம் என்று பழகிய உடம்பு, விளக்கு வந்ததும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டே மாட்டிக்கொள்கிறது. இதைத் தெரிந்துகொண்டால், விளக்கை அவ்வப்போது ஐந்து நிமிடம் அணைப்பது ஏன் நல்லது என்பதும் புரியும்: சுற்றிக் களைத்தவை துணியில் வந்து உட்காரும்.

பேர் தேடுவதற்கு முன்னால் உட்காரும் தோரணையைப் பாருங்கள். இறக்கையைத் தட்டையாக விரித்துத் துணியோடு ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் ஜியோமெட்ரிட் குடும்பம். ஜெட் விமானம் மாதிரிப் பின்வாங்கிய கூர் இறக்கை, தடித்த உடம்பு என்றால் ஹாக்மாத். ‘டி’ வடிவத்தில் குச்சி போல நின்றால் ப்ளூம் மாத். குடும்பம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தெரியாமல் நேராகப் பேரைத் தேடினால், இந்தியாவில் பத்தாயிரத்துக்கும் மேல் வகைகள் இருக்கின்றன, விடிந்துவிடும்.

ஒவ்வொன்றுக்கும் மூன்று படம்: நேர் மேலிருந்து இறக்கை முழுக்கத் தெரிய ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, ஸ்கேலோடு ஒன்று. அழகாகக் கோணலில் எடுத்த படம் அடையாளத்துக்கு உதவாது. ஊதா வெளிச்சத்திலேயே எடுத்தால் எல்லாம் நீலமாக இருக்கும், அதனால் வெள்ளை டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து அடித்து எடுங்கள்.

விரலால் பிடிக்காதீர்கள், இறக்கைச் செதில் உதிரும். பென்சிலை முன்னங்காலுக்கு முன்னால் நீட்டினால் தானாக ஏறும். முடி அடர்ந்த டஸக் மாத் வகைகளின் முடி பட்டால் அரிக்கும், அவற்றைப் பென்சிலிலேயே நகர்த்துங்கள். வீட்டில் அரளியோ நந்தியாவட்டையோ இருந்தால் பச்சையும் இளஞ்சிவப்புமாகக் கோலம் போட்ட ஹாக்மாத் வர வாய்ப்பு அதிகம், அதன் புழு அந்தச் செடிகளைத் தின்றுதான் வளர்கிறது. அது கிளம்பும்போது அவசரப்படுத்தாமல் பாருங்கள்: முதலில் இறக்கை நுனி மட்டும் லேசாக நடுங்கும், அப்புறம் முழு உடம்பும் அதிரும், மார்புத் தசை சூடேறிய பிறகே எழும்பும். அந்த நடுக்கத்தைச் சாகிற துடிப்பு என்று நினைத்துத் தண்ணீர் தெளிக்கிறார்கள். வேண்டாம்.

7. வெல்லப் பூச்சு, விரும்பினால்

விளக்குக்கு அவ்வளவாக வராமல் பழச்சாறுக்கு வரும் பெரிய வகைகள் உண்டு. கனிந்து கருத்த வாழைப்பழத்தை வெல்லத்தோடு பிசைந்து இரண்டு நாள் புளிக்க விட்டு, அதில் துணிக்கயிறு ஊறவைத்துக் கிளையில் தொங்கவிடுங்கள். மரத்தண்டில் பூசச் சொல்வார்கள், பெங்களூரில் பூசினால் எறும்புதான் விருந்து சாப்பிடும். விளக்கிலிருந்து தள்ளி, மணிக்கு ஒருமுறை சிவப்பு வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள், போகும் வழியில் தரையையும் பாருங்கள், மழைக்குப் பிறகு பாம்பு நடமாடும்.

8. அணைப்பது, காலி செய்வது

பத்தரைக்கு விளக்கை அணையுங்கள். அப்படியே விடிய விடிய எரியவிட்டுத் தூங்கப் போவதுதான் புதியவர்கள் செய்வதில் மோசமானது. துணி முழுக்க உட்கார்ந்திருப்பதைக் காலையில் கரிச்சானும் (இரட்டைவால் குருவி) காகமும் வந்து துடைத்துவிட்டுப் போகும், நீங்கள் எழும்போது இறக்கைகள் மட்டும்தான் கிடக்கும். பூச்சிக்கும் அந்த ராத்திரி முழுக்க இணை தேட முடியாமல் போகிறது.

அணைத்து அரைமணி கழித்து மீதியிருப்பதைப் பென்சிலாலும் டப்பாவாலும் எடுத்து அடர்ந்த புதருக்குள், தரையோரம் விடுங்கள். வெட்டிய புல்லில் விட்டால் காலையில் மைனாவுக்குப் பரிசு. முட்டை அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். துணியைக் கடைசியாக, மெதுவாக உதறி அவிழுங்கள். அதே இடத்தில் தினமும் போடாதீர்கள், பறவைகள் சீக்கிரம் பழகிவிடும். ஒரு வாரமாவது விடுங்கள்.

பதினொன்றரைக்குள் படுத்துவிட வேண்டும்.

9. விடியல்: முதலில் வீட்டு விளக்குகள்

சூரியன் 5.55 வாக்கில் எழும். குண்டுகரிச்சானும் கரிச்சானும் ஐந்து மணிக்கே பாடத் தொடங்கிவிடும். ஐந்தே காலுக்கு வெளியே இருங்கள்.

போக வேண்டிய முதல் இடம், இரவெல்லாம் எரிந்த மாடிப்படி விளக்கு, கேட் விளக்கு, பார்க்கிங் ட்யூப்லைட். அவற்றைச் சுற்றிய சுவரில் உங்கள் துணிக்கு வராத வகைகளும் உட்கார்ந்திருக்கும். சீக்கிரம் படமெடுத்துவிட்டு, பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு பைனாகுலரை எடுங்கள். குண்டுகரிச்சான், செம்மீசைச் சின்னான், தையல்சிட்டு, காகம் எல்லாம் சுவர் ஓரமாகவே வரும். ஒவ்வொரு பறவையும் பூச்சியை எப்படிக் கையாள்கிறது என்று பாருங்கள். கரிச்சான் காற்றிலேயே பிடித்துக் கம்பிக்கு எடுத்துப் போய், காலால் அழுத்தி, இறக்கையைக் கிள்ளி எறிந்துவிட்டு உடம்பை மட்டும் தின்னும். கம்பிக்கு நேர் கீழே தரையில் உதிர்ந்த இறக்கைகளைப் பொறுக்கினால் ராத்திரி நீங்கள் காணாத வகை அதில் இருக்கலாம். அதையும் ஸ்கேலோடு படமெடுங்கள்.

இந்த மாதம் குஞ்சுகள் கூட்டைவிட்டு வெளிவரும் காலம். புள்ளியும் பழுப்புமாக, வாய் ஓரம் மஞ்சளாக, புத்தகத்தில் இல்லாத பறவை ஒன்று தென்பட்டால் அரிய வகை என்று குதிக்காமல் ஐந்து நிமிடம் காத்திருங்கள், அதன் அம்மா வந்து வாயில் எதையாவது திணிக்கும், பேர் தெரிந்துவிடும். கூடு இருக்கும் கிளைக்குப் பக்கத்தில் போக வேண்டாம். போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது இந்தக் காலத்தில் கட்டாயம் கூடாது, பறவை தன் முட்டையை விட்டுவிட்டு எதிரி எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும்.

10. அப்புறம் ஏரியோ பூங்காவோ

ஆறரைக்குக் கிளம்பினால் போதும். அல்சூர், முருகேஷ்பாளையம் பக்கம் இருப்பவர்களுக்கு லால்பாகோ கப்பன் பார்க்கோ எளிது, ஹெப்பாளுக்கு வடக்கே இருப்பவர்களுக்கு ஜக்கூர் ஏரி.

ஏரியில் வாத்துக்கூட்டம் எதிர்பார்த்துப் போகாதீர்கள், குளிர்கால விருந்தாளிகள் எப்போதோ வடக்கே போய்விட்டார்கள். ஜக்கூரில் கூழைக்கடா, நீலத் தாழைக்கோழி, செந்நாரை, முக்குளிப்பான் ஆகியவற்றை நிதானமாகப் பாருங்கள். லால்பாகில் குக்குறுவான் கத்துவதும் குயில் கூவுவதும் காதுக்கு முதல் பாடம், வயதான மரப்பொந்துகளில் புள்ளி ஆந்தை தலை நீட்டும். முந்தின நாள் மழை பெய்திருந்தால் எங்கே ஈசல் கிளம்புகிறது என்று பாருங்கள், கரும்பருந்து, பஞ்சுருட்டான், மைனா எல்லாம் ஒரே இடத்தில் கூடியிருக்கும்.

எட்டரைக்கு மேல் வெயில் ஏறினால் குரல்கள் அடங்கும். டிபனுக்குப் போகலாம்.

11. அன்றைக்கே பதிவு செய்வது

பறவைப் பட்டியலை ஈபேர்டில் (பறவைப் பதிவுக்கான செயலி) அங்கேயே நின்று ஏற்றுங்கள்: தொடங்கிய நேரம், நடந்த தூரம், ஒவ்வொன்றின் எண்ணிக்கை. வீட்டு விளக்குப் பக்கம் பார்த்ததைத் தனிப் பட்டியலாகப் போடுங்கள், ஏரியோடு கலக்காதீர்கள், இடம் மாறினால் பதிவுக்கு மதிப்பு இல்லை. மெர்லின் செயலி குரலைக் கேட்டுச் சொல்லும் பேரை யோசனையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், கண்ணால் பார்க்காததை, காதால் உறுதி செய்யாததை ஏற்ற வேண்டாம்.

அந்துப்பூச்சிப் படங்களை ஐநேச்சுரலிஸ்டில் (எல்லா உயிரினங்களையும் படத்தோடு பதியும் தளம்) ஏற்றும்போது பேர் தெரியாவிட்டால் ‘அந்துப்பூச்சி’ என்ற அளவோடு விடுங்கள், ஊகித்து ஒரு பேரைப் போட்டால் அடுத்து வருபவர் அதை நம்பிவிடுவார். மாத்ஸ் ஆஃப் இந்தியா இணையதளத்தில் குடும்ப வாரியாகப் படங்கள் இருக்கின்றன, ஒப்பிட உதவும். விளக்கு வகை, போட்ட நேரம், அணைத்த நேரம், மழை, நிலா ஆகியவற்றை நோட்டில் எழுதி வையுங்கள். இதே துணி, இதே விளக்கோடு ஜூலை கடைசி வாரத்தில் நடக்கும் தேசிய அந்துப்பூச்சி வாரத்துக்கு மறுபடி போடும்போது, எது புதிதாக வந்தது, எது காணவில்லை என்று ஒப்பிட அந்தக் குறிப்புதான் வேண்டும்.

வேட்டியில் பழுப்புக் கறைகள் இருக்கும், அவை பூச்சிகளின் எச்சம். கூட்டிலிருந்து வெளிவந்தவுடன் அவை கழிப்பதும் அதில் சேரும். வாசனை இல்லாத சோப்பில் அலசி நிழலில் காயப்போடுங்கள், கஞ்சி போடாதீர்கள்.